பச்சோந்திக்குச் செடி: கூண்டுக்குள்ளா, ஜன்னலோரமா, பிளாஸ்டிக்கா?

செப்டம்பர் முடிந்து இரவில் குளிர் ஏறத் தொடங்கினால் டொராண்டோவில் தமிழர் வீடுகளில் ஒரே வேலைதான். கோடை முழுக்கப் பால்கனியில் நின்ற கறிவேப்பிலை, துளசி, செம்பருத்தி, மல்லிகை எல்லாம் தொட்டியோடு உள்ளே வந்து ஜன்னலோரம் வரிசை கட்டிவிடும். எங்கள் வீட்டில் அந்த வரிசைக்கு நாலடி தள்ளி ஒரு வலைக்கூண்டு நிற்கிறது. உள்ளே இருப்பவள் மரகதம். ஏமன் பச்சோந்தி, வயது மூன்று. செடிகள் உள்ளே வந்த அன்றே வலையைப் பற்றிக்கொண்டு, ஒரு கண்ணை என் மேலும் மறு கண்ணைச் செம்பருத்தி மேலும் வைத்திருப்பாள்.

அவளை அந்தச் செடிகளில் ஏறவிடலாமா, செடிகளைக் கூண்டுக்குள் கொண்டுபோகலாமா, இல்லை இரண்டும் வேண்டாம் என்று பிளாஸ்டிக் இலைகளைத் தொங்கவிடலாமா? மூன்றையும் ஒவ்வொரு காலத்தில் செய்து பார்த்துவிட்டேன். பச்சோந்தி வாங்கிய புதிதில் எல்லோரும் முதலில் தேடுவது நச்சுச்செடிப் பட்டியலைத்தான். நானும் தேடினேன். ஆனால் எங்களுக்கு வந்த இரண்டு ஆபத்துமே இலையிலிருந்து வரவில்லை. இரண்டும் தொட்டி மண்ணிலிருந்து வந்தவை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தமிழ்நாட்டிலிருந்து படிப்பவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிட வேண்டும். நம் காடுமேடுகளில் திரியும் பச்சோந்தி 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் காக்கப்பட்ட உயிர். அதைப் பிடிப்பதும் வீட்டில் வைப்பதும் குற்றம். சிங்கப்பூரிலும் பச்சோந்தி வளர்க்க அனுமதி இல்லை. வளர்க்கச் சட்டம் இடம் தரும் நாடுகளில், கூண்டில் பிறந்து வளர்ந்த வெளிநாட்டு இனங்களை முறையாக வாங்கியவர்களுக்கே இந்த ஒப்பீடு.

எந்த இனம் என்பதைப் பொறுத்தே பாதி முடிவு அமைந்துவிடும். வீடுகளில் அதிகம் வளர்வது மூன்று. ஏமனிலும் சவூதி அரேபியாவின் தென்மேற்கிலும் வாழும் ஏமன் பச்சோந்தி, தலையில் கொண்டை எழுந்து நிற்பது. மடகாஸ்கரின் பாந்தர் பச்சோந்தி, நிறங்களுக்காகவே விரும்பப்படுவது. கென்யா, தான்சானியா மலைகளின் ஜாக்சன் பச்சோந்தி, ஆணுக்கு முகத்தில் மூன்று கொம்பு. இந்த மூன்றில் ஏமன் மட்டும் இலை தின்னும். தவறிக் கடிப்பதாக நினைக்காதீர்கள். பூச்சியைத் தின்பது போலவே இலை, பூ, பழம் எல்லாவற்றையும் வேண்டுமென்றே கடித்து மென்று விழுங்கும். வறண்ட நிலத்தில் இலையிலுள்ள நீருக்காக வந்த பழக்கம் என்று சொல்கிறார்கள். மற்ற இரண்டும் எப்போதாவது ஓர் இலையைச் சுவைத்துப் பார்க்கும், அவ்வளவுதான். ஆகவே பாந்தர் வளர்க்கும் நண்பர் "எங்க வீட்டுல அந்தச் செடி மூணு வருஷமா இருக்கு, ஒண்ணும் ஆகல" என்று சொன்னால், அதை நம்பி ஏமன் கூண்டில் அதே செடியை வைக்காதீர்கள்.

பிளாஸ்டிக் இலை

தொடக்கத்தில் நான் எடுத்த வழி இதுதான். மண் இல்லை, பூச்சிமருந்து இல்லை, வாடாது. மாதம் ஒருமுறை கழற்றிச் சுடுநீரில் தேய்த்துக் கழுவி மாட்டிவிடலாம். நீர் தெளித்தால் துளிகள் அதிலும் நிற்கும். உடல்நலம் சரியில்லாத பச்சோந்தியைத் தனியே வைத்துக் கவனிக்கும் நாட்களில் இன்றும் இதுதான் சிறந்தது என்பேன். எச்சத்தின் நிறத்தைப் பார்க்க வேண்டும், எவ்வளவு தின்கிறது என்று எண்ண வேண்டும். அதற்கு வெறுமையான, சுத்தமான கூண்டு உதவும்.

ஏமன் இனத்துக்கு நிரந்தர வீடாக இது ஒத்துவராது. மூன்றாம் வாரத்தில் ஒரு பிளாஸ்டிக் இலையின் ஓரத்தில் பிறைவடிவில் ஒரு வெட்டு இருந்தது. அடுத்த நாள் பக்கத்து இலையிலும் அதே வெட்டு. பிளாஸ்டிக் துண்டு செரிக்காது, குடலில் அடைத்துக்கொண்டால் அறுவைசிகிச்சை வரை போகும். துணியில் செய்த இலைகளில் வேறு தொல்லை. ஓரம் பிரிந்து நூல் நூலாகத் தொங்கும். பூச்சியைப் பிடிக்க நாக்கை வீசும்போது அந்த நூலும் சேர்ந்து வாய்க்குள் போகலாம். அன்றே எல்லாவற்றையும் கழற்றிவிட்டேன்.

பாந்தரோ ஜாக்சனோ வைத்திருப்பவர்களுக்குப் பிளாஸ்டிக் அவ்வளவு ஆபத்தில்லை. ஆனால் இங்கே குளிர்காலத்தில் வெப்பமூட்டி ஓட ஓட வீட்டுக் காற்று வறண்டு போகும். நம் உதடே வெடிக்கும்போது வலைக்கூண்டுக்குள் இருப்பதன் நிலையை எண்ணிப் பாருங்கள். உயிருள்ள இலை ஈரத்தை மெல்ல மெல்லக் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். பிளாஸ்டிக் இலையில் அது நடக்காது.

ஜன்னலோரச் செடிகளில் திரியவிடுவது

பார்க்க இதைவிட அழகான காட்சி இல்லை. கூண்டே இல்லாமல், பெரிய குடைச்செடியிலோ (ஷெஃப்லெரா) ஃபைக்கஸ் மரத்திலோ பச்சோந்தி தன்பாட்டுக்கு உலாவும். சிலர் ஓர் அறை மூலையையே இதற்கென ஒதுக்கி, மேலே விளக்குகளைத் தொங்கவிட்டு, கீழே நீர் வடியத் தட்டு வைத்து, பல ஆண்டுகளாக நன்றாகவே வளர்க்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் நாம் ஜன்னலோரம் வரிசைகட்டி வைக்கும் தொட்டிகள் அந்த மாதிரி ஏற்பாடு இல்லை.

ஜன்னல் வெயிலே முதல் ஏமாற்றம். கண்ணாடி வழியே வெளிச்சமும் சூடும் வரும், ஆனால் புற ஊதா பி கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். அந்தக் கதிர் தோலில் பட்டால்தான் பச்சோந்தியின் உடலில் வைட்டமின் டி3 உருவாகும். அது இல்லாமல் எவ்வளவு சுண்ணாம்புச்சத்து தூவிக் கொடுத்தாலும் எலும்பில் சேராது. கால் வளையும், தாடை மெத்தென்று ஆகும், பிறகு கிளையைப் பிடிக்கக்கூடப் பலம் இருக்காது. வெயிலில் நாள் முழுக்கக் குளிர்காய்ந்த பச்சோந்திக்கு எலும்புநோய் வந்ததைப் பார்த்து மனம் உடைந்தவர்கள் உண்டு.

அடுத்தது, அறையில் உள்ள எல்லாச் செடியும் அதன் செடியாகிவிடும் என்பது. "இதில் மட்டும் ஏறு" என்று பச்சோந்தியிடம் சொல்ல முடியாது. மெதுவாகத்தான் நடக்கும், ஆனால் நீங்கள் சமையலறைக்குப் போய் வருவதற்குள் திரைச்சீலையைப் பிடித்து அடுத்த தொட்டிக்குப் போயிருக்கும். எதைக் கடித்தது என்பதும் உடனே தெரியாது. இலையில் உள்ள வெட்டு உங்கள் கண்ணில் படவே இரண்டு நாள் ஆகும்.

கறிவேப்பிலை விஷயம் நம் வீடுகளுக்கே உரியது. பச்சோந்தி உட்படப் பல ஊர்வனவற்றின் குடலில் சால்மொனெல்லா கிருமி எந்த நோய்க்குறியும் இல்லாமல் இருக்கும், எச்சத்தில் வெளிவரும். தாளிக்கப் பறிக்கும் கறிவேப்பிலையிலும், பாட்டி வாயில் போடும் துளசியிலும், சளிக்குப் பிழியும் கற்பூரவல்லியிலும் அது படக்கூடாது. 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டில் ஊர்வனவே வேண்டாம் என்கிறது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம். குழந்தை தொட்டி இலையைப் பிடித்து விளையாடும் வீட்டில் பச்சோந்தியைச் செடிகளில் திரியவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இத்தனையும் தெரிந்தும் ஒருமுறை விட்டேன். கடையிலிருந்து புதிதாக வாங்கி வந்த குடைச்செடியில் ஒரு வார இறுதி முழுக்க மரகதம் உலாவினாள். இரண்டு நாள் கழித்து எச்சத்தில் வெள்ளை வெள்ளையாக மணிகள். தொட்டி மண்ணில் கலந்திருந்த பெர்லைட். மண் காற்றோட்டமாக இருக்கச் சேர்க்கும் பொரிகல் அது. அவளுக்கு அது புழுவின் முட்டை போலத் தெரிந்ததோ என்னவோ, நாக்கை நீட்டி நீட்டி எடுத்திருக்கிறாள். ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் ஓடினோம். எக்ஸ்ரேயில் இன்னும் சில மணிகள் குடலில் தெரிந்தன. நல்லவேளை, அடைப்பு இல்லை, நீரும் சூடும் சரியாக இருந்ததால் தாமாகவே வெளியேறிவிட்டன. அந்த ஐந்து நாளும் வீட்டில் யாருக்கும் சோறு இறங்கவில்லை.

கூண்டுக்குள் உயிருள்ள செடி

மூன்றாவது வழி இது. ஏமன் வளர்ப்பவர்களுக்கு நான் சொல்வது இதைத்தான். 2 அடி அகலம், 2 அடி ஆழம், 4 அடி உயரமுள்ள கூண்டு, அதற்குள் இரண்டு மூன்று செடிகள், அதற்குரிய புற ஊதா விளக்கு, சூட்டு விளக்கு. செடிகளுக்கும் அதே விளக்கு உதவும். கூண்டுக்குள் என்ன இலை இருக்கிறது என்பது உங்கள் கையில். ஜன்னலோரத்தில் நிற்கும் மற்றவை அதன் வாய்க்கு எட்டாது. வேலை கூடுதல்தான், ஆனால் பெரும்பகுதி செடி கூண்டுக்குள் போகும் முன்பே முடிந்துவிடும்.

நச்சு என்று எல்லாவற்றையும் ஒரே பட்டியலில் போடுவதால்தான் குழப்பம் வருகிறது. இதை விளக்க நம் சமையலறையே போதும். கருணைக்கிழங்கு அரைவேக்காடாக இருந்தால் நாக்கும் தொண்டையும் அரிக்குமே, அதற்குக் காரணம் கால்சியம் ஆக்சலேட் என்ற ஊசிப் படிகங்கள். சேம்பிலும் அதுவே, புளி விட்டுக் காறலைப் போக்குவதும் அதற்காகத்தான். மணி பிளாண்ட், டிஃபன்பாக்கியா, பீஸ் லில்லி, ஃபிலோடெண்ட்ரான், மான்ஸ்டெரா எல்லாம் அதே சேம்புக் குடும்பத்தைச் சேர்ந்தவை, எல்லாவற்றிலும் அதே ஊசிகள். ஆனால் அளவு வேறு. டிஃபன்பாக்கியாவைக் கடித்தால் மனிதருக்கே நாக்கு வீங்கிப் பேச்சு வராது, அதை அறையிலேயே வைக்கமாட்டேன். மணி பிளாண்டோ பச்சோந்திக் கூண்டுகளில் பல பத்தாண்டுகளாக இருந்து வருகிறது, ஏமன் பச்சோந்திகள் அதைக் கடித்துத் தின்றும் நலமாக இருப்பதை வளர்ப்போர் பலரும் பார்த்து வருகிறார்கள்.

பூனைக்கும் நாய்க்கும் ஆகாத செடிகள் என்று அமெரிக்க விலங்குவதைத் தடுப்புச் சங்கம் வெளியிடும் பட்டியலில் மணி பிளாண்டும் உண்டு, குடைச்செடியும் உண்டு. அந்தப் பட்டியல் பாலூட்டிகளுக்கானது. பச்சோந்திக்கு அப்படியே பொருத்திவிட முடியாது, அதற்காகத் தூக்கி எறிந்துவிடவும் கூடாது. நான் செய்வது இதுதான்: மணி பிளாண்டை மேல்பகுதியில் படரவிட்டிருக்கிறேன், ஆனால் பசிக்கு அது ஒன்றே வழி என்று ஆகாதபடி பக்கத்திலேயே செம்பருத்தியையும் ஸ்பைடர் பிளாண்டையும் வைத்திருக்கிறேன். மரகதம் பெரும்பாலும் செம்பருத்திக்கே போவாள். பூ பூத்தால் அன்று இலையைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

பால் வடியும் செடிகள் இன்னொரு வகை. ஃபைக்கஸ், குரோட்டன்ஸ், முள்கிரீடம், டிசம்பரில் எல்லா வீட்டுக்கும் வந்துவிடும் சிவப்புப் பாயின்செட்டியா. அந்தப் பால் வாயிலும் கண்ணிலும் பட்டால் எரியும். ஃபைக்கஸைப் பாந்தர் கூண்டில் பலர் வைக்கிறார்கள், இலை கடிக்கும் ஏமனுக்கு நான் வைக்கமாட்டேன். இடம் மாற்றினாலே இலையெல்லாம் கொட்டிவிடும் செடி என்பதும் ஒரு காரணம்.

மூன்றாம் வகையில் பேச்சுக்கே இடமில்லை. அரளி, அடீனியம், கலன்கோ மூன்றும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு கொண்டவை. சைக்கஸ் ஈரலைக் கெடுக்கும். அரளியைப் பற்றித் தமிழருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனால் அதே குடும்பத்து அடீனியம் அழகுக்காக மேசைமேல் வந்து நிற்பதைப் பல வீடுகளில் பார்க்கிறேன். பச்சோந்தி எந்த அறையில் இருந்தாலும் இந்த நான்கும் அந்த வீட்டில் வேண்டாம்.

கவலையின்றி வைக்கக்கூடியவை என்று நான் கருதுபவை செம்பருத்தி, ஸ்பைடர் பிளாண்ட், அரேகா பாம், பார்லர் பாம், பாஸ்டன் பெரணி. இவற்றில் அரேகா பாம் மடகாஸ்கர் மண்ணின் செடி, பாந்தர் வைத்திருப்பவர்களுக்கு அதைக் கூண்டில் பார்ப்பதே ஒரு மகிழ்ச்சி. ஆனால் அதன் தண்டு மெலிது, வளர்ந்த ஆண் ஏமன் ஏறினால் வளைந்து தரைக்கு வரும். உறுதியான கிளை வேண்டுமென்றால் காய்ந்த மரக்கொம்புகளைக் குறுக்காகக் கட்டிக்கொள்ளுங்கள், செடி மறைவுக்கும் ஈரத்துக்கும் இருக்கட்டும். செம்பருத்திக்கு நல்ல வெளிச்சம் வேண்டும். கூண்டில் தொடர்ந்து வைத்தால் களைத்துப் போகிறது. நான் இரண்டு தொட்டி வைத்துக்கொண்டு மாதம் ஒன்றாக மாற்றுகிறேன்.

இலை சரி, மருந்து?

நச்சில்லாத செடியும் கடையிலிருந்து வரும்போது நஞ்சோடு வரலாம். நர்சரிகளில் இமிடாகுளோப்ரிட் போன்ற பூச்சிமருந்துகளை மண்ணில் இடுவார்கள். வேர் வழியாக ஏறி இலை, பூ எல்லாவற்றிலும் பரவி, மாதக்கணக்கில் அங்கேயே இருக்கும். இலையை எத்தனை முறை கழுவினாலும் போகாது, உள்ளே இருப்பதை வெளியே கழுவி என்ன பயன்? பச்சோந்தி நேரே தின்னாவிட்டாலும், கூண்டில் விட்ட கிரிக்கெட் பூச்சி அந்த இலையைக் கொறிக்கும், அந்தப் பூச்சியை இது தின்னும்.

மேலே தெளித்த மருந்தும் இலையை மினுக்கும் எண்ணெயும் வேறு வழியில் சேரும். பச்சோந்தி கிண்ணத்தில் நீர் குடிக்காது, இலையில் நிற்கும் துளியைத்தான் நக்கும். இலைதான் அதற்குத் தம்ளர். அந்தத் தம்ளரில் என்ன ஒட்டியிருக்கிறதோ அது வயிற்றுக்குள் போகும்.

அதனால் எங்கள் வீட்டுக்கு வரும் புதுச்செடி முதலில் குளியலறைக்குப் போகும். வேரை உதறி, பழைய மண்ணைப் பெர்லைட்டும் மெதுவாகக் கரையும் உர மணிகளும் போக நீரில் அலசி எடுத்துவிடுவேன். இலையின் இரு பக்கமும் மெல்லிய சோப்பு நீரில் துடைத்து, நன்றாக அலசி, உரமில்லாத புதுமண்ணில் நடுவேன். பிறகு மூன்று மாதம் வேறு அறையில். அதற்குள் வரும் புதுத்தளிர்தான் பச்சோந்திக்கு, பழைய இலைகளை அவ்வப்போது கிள்ளி எறிந்துவிடுவேன். பொறுக்க முடியாதவர்களுக்கு இன்னொரு வழி: தெரிந்தவர் வீட்டில் மருந்தில்லாமல் வளர்ந்த செடியிலிருந்து ஒரு கொடி வாங்கிப் பதியம் போடுங்கள். மணி பிளாண்டும் ஸ்பைடர் பிளாண்டும் நீரிலேயே வேர் விடும்.

மண்ணின் மேல் பச்சோந்தியின் தலையைவிடப் பெரிய ஆற்றுக்கற்களை நெருக்கமாக அடுக்க வேண்டும். சின்னக் கூழாங்கல் வேண்டாம், அதையும் விழுங்கும். ஏமன் இனம் மண்ணையே தின்பதும் உண்டு, கல் அடுக்கினால் அதுவும் நிற்கும்.

பெண் பச்சோந்திக்குக் கல் மட்டும் போதாது. ஏமன் பெண் ஆணோடு சேராமலே முட்டையிடும், ஒரே தடவையில் பல பத்து முட்டைகள். வயது ஒன்றரை இருக்கும்போது ஒருநாள் மரகதம் சாப்பாட்டைத் தொடாமல், தொட்டியில் இறங்கிக் கற்களைத் தள்ளித் தள்ளித் தோண்டிக்கொண்டிருந்தாள். செடியின் வேர் பின்னிக்கிடந்ததால் நாலு விரல் ஆழத்துக்கு மேல் போக முடியவில்லை. தோண்டுவாள், நிறுத்துவாள், மேலே ஏறுவாள், மறுபடி இறங்குவாள். சரியான இடம் கிடைக்காமல் முட்டையை உள்ளேயே அடக்கிக்கொண்டால் அது உயிருக்கே ஆபத்து. அன்று மாலையே ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் ஓர் அடி ஆழத்துக்குக் கழுவிய ஈர மணல் நிரப்பி, தோண்டிய குழி சரியாமல் நிற்கும் பதத்தில் அழுத்தி, கூண்டுக்குள் வைத்துத் துணியால் மூடினேன். மறுநாள் முழுக்க அதற்குள்ளேயே இருந்தாள். அதற்கடுத்த நாள் மண்ணை மூடி மிதித்துவிட்டு, ஒட்டிய வயிறோடு மேலே வந்து நீர் குடித்தாள். அன்றிலிருந்து மணல் தொட்டி கூண்டைவிட்டு வெளியே போனதில்லை. ஜாக்சன் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை, அது குட்டி போடும் இனம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

ஏமன் என்றால் உயிருள்ள செடிதான், பிளாஸ்டிக் வேண்டாம். பாந்தர், ஜாக்சன் என்றால் புதுச்செடி தயாராகும் மூன்று மாதத்துக்குப் பிளாஸ்டிக்கை வைத்துச் சமாளிக்கலாம், பிறகு மாற்றிவிடுங்கள். நோயுற்றது எந்த இனமானாலும் குணமாகும்வரை வெறும் கொம்பும் பிளாஸ்டிக்கும் போதும், ஏமன் என்றால் இலையைக் கடிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். திரியவிடும் ஆசை இருந்தால் தனி மரம், தனி விளக்கு, மற்றச் செடிகளே இல்லாத அறை என்று முழுதாகச் செய்ய வேண்டும். அதற்கு இடமில்லாத அடுக்குமாடி வீட்டில், கண் பார்வையில் அரைமணி நேரம், உங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு செடியில் விட்டு எடுத்தால் போதும்.

எதையாவது கடித்துவிட்டது என்று தெரிந்தால் வாயை வலிந்து திறக்காதீர்கள். இலையில் நீர் சொட்டவிட்டு அது தானாகக் குடிக்கவிடுங்கள். கடித்த இலையையும், மண்ணில் எதையாவது விழுங்கியது போலிருந்தால் ஒரு பிடி மண்ணையும் பையில் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். எந்தச் செடி என்று சொல்வதைவிட அதைக் காட்டினால் அவருக்கு நேரம் மிச்சம். ஊர்வன பார்க்கும் மருத்துவர் எல்லா ஊரிலும் கிடைக்கமாட்டார், பச்சோந்தி வாங்குவதற்கு முன்பே எண்ணைக் கண்டுபிடித்துக் குளிர்சாதனப் பெட்டிமேல் ஒட்டிவிடுங்கள்.

இந்த ஆண்டும் கறிவேப்பிலை உள்ளே வந்துவிட்டது. இப்போது அது சமையலறை ஜன்னலில் நிற்கிறது, கூண்டு இருக்கும் அறையில் இல்லை. இரண்டாவது செம்பருத்தி மட்டும் குளியலறையில் புதுமண்ணில் தளிர்விட்டுக்கொண்டிருக்கிறது, கார்த்திகைக்குள் கூண்டுக்குப் போய்விடும்.